பிழை கண்ணிலா? பெட்டியிலா?

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பேசுவது மரபு. இரவுப் பள்ளி தொடங்கிய வரலாற்றையும், மாணவர் விடுதி எழுந்த வரலாற்றையும் நமக்கு முன் பேசியவர்கள் சிறப்புற எடுத்துரைத்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சிறியது போலத் தோன்றும். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருடைய கண் திரையில் எங்கெங்கே செல்கிறது என்பதைக் கருவிகொண்டு பதிவுசெய்து ஆராயும் ஒரு துறை உலகில் வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றியே பேச விழைகிறோம். ‘இது நமக்கு எதற்கு?’ என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பொருளை ஒருவரால் கையாள முடியவில்லை என்றால் குறை அவரிடமா, அப்பொருளிடமா என்னும் கேள்வி இத்துறையின் அடியில் இருக்கிறது. அக்கேள்வி நம் மக்களுக்கு மிகப் பழையது. ஆகவேதான் இதைத் தேர்ந்தோம்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்ற ஆண்டு 1975. ஊருக்கு ஒன்றிரண்டு பெட்டிகளே இருந்த அந்நாட்களில், சாளரத்துக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் பலர். 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. அதன்பின் பெட்டி நம் குடியிருப்புகளுக்குள்ளும் பரவலாக வந்தது. பழைய பெட்டியில் திருகுகள் சில. ஒலியைக் கூட்ட ஒன்று, நிலையத்தை மாற்ற ஒன்று. இன்றைய பெட்டியைத் திறந்தால் நிகழ்ச்சி வருவதில்லை. படங்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு முகப்புத் திரை வருகிறது. அதில் பட்டியல்கள், பட்டியலுக்குள் பட்டியல்கள், கடவுச்சொல், தேடும் கட்டம் என்று எத்தனையோ வாயில்கள். வீட்டிலுள்ள மூதாட்டி செய்தி கேட்க வேண்டுமானால் பள்ளிவிட்டுப் பேரன் வரும்வரை காத்திருக்கிறார். கேட்டால், “எனக்கு அதெல்லாம் வராதுப்பா, பையன் வரட்டும்” என்கிறார். இந்த ‘எனக்கு வராது’ என்னும் சொல்லைத்தான் நாம் இன்று சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் கண்ணின் இயல்பை அறிவோம். மாணவர்கள் கையை முன்னே நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அளவுக்குள் அடங்குவதை மட்டுமே நம் கண் மிகத் தெளிவாகக் காண்கிறது. அதற்கு அப்பாற்பட்டவை எல்லாம் படிப்படியாக மங்கலே. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழிக்கு மட்டும் அந்தக் கூர்மை உண்டு. ஆயினும் உலகம் முழுவதும் தெளிவாக இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. காரணம், கண் ஓரிடத்தில் நில்லாமல் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. தாவிய இடத்தில் ஒரு நொடியின் நான்கில் ஒரு பங்கு அளவு நிற்கிறது. மீண்டும் தாவுகிறது. நிற்கும்போதே காண்கிறது, தாவும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய ஒன்றையும் காண்பதில்லை. படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை, துள்ளித் துள்ளிச் செல்கிறது என்பது பாரிசில் கண் மருத்துவர் எமில் ழவால் என்பவரின் ஆய்வகத்தில் 1870களின் இறுதியில் வெளிப்பட்டது.

பிறகு வந்தவர்கள் இத்தாவல்களை அளக்க முயன்றார்கள். அமெரிக்க உளவியலறிஞர் எட்மண்ட் ஹூயி, நடுவில் துளையிட்ட ஒரு சிறு கிண்ணத்தைக் கண்ணின்மேல் பொருத்தி, அதனோடு இணைத்த மெல்லிய முள்ளைக் கொண்டு அசைவைப் பதிவுசெய்தார். அது எவ்வளவு துன்பமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1901இல் டாட்ஜ், கிளைன் என்னும் இருவர் கண்ணைத் தொடாமலே, கருவிழியின் மேற்பரப்பில் மின்னும் ஒளிப்புள்ளியை ஒளிப்படத் தகட்டில் பிடித்தார்கள். இன்றைய கருவிகளும் அந்த வழியையே பின்பற்றுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சி, கருவிழியில் தோன்றும் ஒளிப்புள்ளிக்கும் கண்மணியின் மையத்துக்கும் உள்ள இடைவெளியைப் படக்கருவி நொடிக்கு ஐம்பது அறுபது முறை அளக்கிறது. நுட்பமான கருவிகள் பல நூறு முறை அளக்கும். தொடக்கத்தில் திரையின் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி அவரவர் கண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்துகொள்கிறார்கள். அதன்பின் அவர் எதைப் பார்த்தார், எதை முதலில் பார்த்தார், எங்கே நெடுநேரம் நின்றார், எங்கே திரும்பத் திரும்ப வந்தார் என்பதெல்லாம் பதிவாகிவிடுகின்றன.

இந்த அறிவு மனிதர் மேலிருந்த பழியை நீக்கிய ஒரு வரலாற்றை இங்குச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பின்னரும் விபத்துக்கு உள்ளாயின. பாதுகாப்பாக இறங்கிய விமானி, இறக்கையின் மடிப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் படுத்துவிடும். ‘விமானியின் பிழை’ என்று ஏடுகளில் எழுதினார்கள். அல்ஃபோன்சு சப்பானிசு என்னும் உளவியலறிஞர் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். இரண்டு விசைகளும் அருகருகே, ஒன்றுபோலவே அமைந்திருந்தன. சக்கர விசையின் முனையில் சிறு சக்கர உருவையும், இறக்கை விசையின் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். கை தொட்டவுடன் வேறுபாடு தெரிந்தது.

1947இல் பால் ஃபிட்சு என்பவரும் அவருடைய துணைவர் ஜோன்சும் இத்தகைய ‘விமானிப் பிழை’கள் 460ஐத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரு விசை என்று எண்ணி மற்றொன்றை இயக்கியதால் நேர்ந்தவை. பின்னர் இவர்களே விமானி அறையில் படக்கருவி வைத்து, தரையிறங்கும் வேளையில் விமானியின் கண் எந்த முகப்பிலிருந்து எந்த முகப்புக்குச் செல்கிறது என்று பதிவுசெய்து 1950இல் வெளியிட்டார்கள். அடிக்கடி பார்க்கப்படும் முகப்பு இன்றியமையாதது. நெடுநேரம் பார்க்க வேண்டிய முகப்பு படிப்பதற்குக் கடினமானது. ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்க்கப்படுபவை அருகருகே இருக்க வேண்டும். இம்மூன்று பாடங்களும் அப்பதிவிலிருந்து கிடைத்தன. ஒரு கருவியை அமைக்கும்போது அதைக் கையாள்பவரின் கண்ணிடம் கேட்க வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு வேரூன்றியது. தொலைக்காட்சித் திரையை ஆராய்பவர்களும் அந்த மூன்று பாடங்களைக் கைக்கொண்டே தொடங்குகிறார்கள்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். கணினியில் கண்ணசைவைப் பதிவது எளிது. திரை அறுபது எழுபது சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. பதிவுக் கருவியைத் திரையின் அடியிலேயே வைத்துவிடலாம். தொலைக்காட்சியையோ பத்தடி, அதாவது ஏறத்தாழ மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து பார்க்கிறோம். சாய்ந்து பார்க்கிறோம், படுத்தும் பார்க்கிறோம், நால்வர் சேர்ந்தும் பார்க்கிறோம். எனவே கண்ணாடிபோல் அணியும் கருவிகள் இங்கே மிகுதியும் பயன்படுகின்றன. அவற்றில் ஒரு படக்கருவி அணிந்தவரின் முன்னுள்ள காட்சியையும், வேறு சிறு படக்கருவிகள் அவருடைய கண்களையும் படம்பிடிக்கின்றன. அதனால் அவர் திரையைப் பார்த்ததும் தெரியும். தலையைக் குனிந்து கையிலுள்ள ரிமோட்டைப் பார்த்ததும் தெரியும்.

அந்தக் குனிதலை எளிதாக எண்ணிவிடாதீர்கள். ரிமோட்டின் பொத்தான்களைக் கை தானாக அறியாதவர் ஒவ்வொரு முறையும் கீழே பார்க்கிறார். பார்த்து, அழுத்தி, நிமிர்வதற்குள் திரை மாறிவிடுகிறது. தாம் எங்கே இருந்தோம், இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை மீண்டும் தேட வேண்டும். அடுத்ததாக ஒன்று. கண் தாவிச் செல்லும். ரிமோட் படிப்படியாகவே செல்லும். திரையின் மூலையிலுள்ள படத்தைக் கண் ஒரே தாவலில் அடைந்துவிடுகிறது. விரலோ வலப்பக்கம் நான்கு முறை, கீழே மூன்று முறை என்று அழுத்தி அழுத்திப் போக வேண்டும். இடையில் ‘நான் இப்போது நிற்கும் கட்டம் எது?’ என்று கண் திரும்பி வந்து பார்க்கிறது. அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள கோடு மெல்லியதாக, மங்கிய நிறத்தில் இருந்தால் கண் அதைத் தேடி அலைகிறது. பதிவுத் தாளில் அந்த அலைச்சல் சிலந்தி வலைபோலத் தெரியும். வலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறை அந்தத் திரையமைப்பில் இருப்பதாக ஐயுற வேண்டும்.

எழுத்தின் அளவையும் நாம் எண்ண வேண்டும். அறுபது சென்டிமீட்டர் தொலைவில் நான்கு மில்லிமீட்டர் உயரமாகத் தெரியும் எழுத்து, மூன்று மீட்டர் தொலைவில் அதே அளவாகத் தெரிய வேண்டுமானால் இருபது மில்லிமீட்டர் உயரம் வேண்டும். நம் தமிழில் ஒரு புள்ளி இருப்பதும் இல்லாததும் சொல்லையே மாற்றிவிடும். சொற்களும் நீளம். ஆங்கிலச் சொல்லுக்கு வகுத்த கட்டத்தில் தமிழ்ச் சொல்லை அடைத்தால் பாதிச் சொல்லோடு மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதைப் படிக்க முயலும் புதிய வாசகரின் கண் அங்கே நெடுநேரம் நிற்கும். ஃபிட்சு சொன்ன பாடத்தின்படி அது படிப்பவரின் குறையைக் காட்டவில்லை. எழுதப்பட்டதன் கடினத்தைக் காட்டுகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கண் எங்கே சென்றது என்பதைக் கருவி சொல்லும்; ஏன் சென்றது என்பதைச் சொல்லாது. உருசிய அறிஞர் ஆல்ஃபிரட் யார்பசு 1965இல் வெளியிட்ட நூலில் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. நெடுநாள் பிரிந்திருந்த ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் நுழைவதை இலியா ரேப்பின் என்பவர் ஓவியமாகத் தீட்டியிருந்தார். அதை ஒருவருக்குப் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்டார் யார்பசு. ‘இவர்களுடைய வயது என்ன?’ என்றதும் கண் முகங்களுக்குச் சென்றது. ‘இக்குடும்பத்தின் செல்வநிலை என்ன?’ என்றதும் உடைகளுக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் சென்றது. ஓவியம் ஒன்றுதான், பார்த்தவரும் ஒருவர்தான், கேள்வி மாறியதும் கண்ணின் வழி மாறிவிட்டது. ஆகவே ஒருவர் திரையில் ஒரு படத்தை நெடுநேரம் பார்த்தால், அது பிடித்ததால் பார்த்தாரா, புரியாததால் பார்த்தாரா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அதனால்தான் தேர்ந்த ஆய்வாளர்கள் பதிவை அவருக்கே போட்டுக் காட்டி, ‘இவ்விடத்தில் என்ன நினைத்தீர்கள்?’ என்று வினவுகிறார்கள். மனிதரின் வாய்ச்சொல் இல்லாமல் கருவியின் பதிவு முழுமை பெறுவதில்லை.

திரையில் ஓடும் எழுத்துவரிகளைப் பற்றிய ஆய்வுகளும் நமக்கு நெருக்கமானவை. திரையின் அடியில் எழுத்து தோன்றினால், பேசும் மொழி தமக்குத் தெரிந்திருந்தாலும் கண் தானாகவே அதைப் படிக்கச் செல்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் தெ’டெவால் என்பவரும் அவர் குழுவினரும் 1991இல் கண்ணசைவுப் பதிவின் வாயிலாகக் காட்டினார்கள். நம் நாட்டில் அகமதாபாத்து இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, பாடல் காட்சிகளின் அடியில் அதே மொழியில் பாடல் வரிகளை இட்டால் எழுத்தறிவு வளரும் என்னும் எண்ணத்தை 1996இல் முன்வைத்தார். பின்னர் குசராத்துத் தொலைக்காட்சியில் அது நடைமுறைக்கு வந்தது. அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அவ்வரிகளைப் பார்க்கிறார்களா என்பதை இராசத்தான் மாநிலத்தில் கண்ணசைவுக் கருவி கொண்டும் ஆராய்ந்தார்கள். பள்ளியை இடையில் விட்ட ஒருவர் பாடலை ரசித்தபடியே படிப்பை மீட்டுக்கொள்ள முடியும் என்றால், அந்தப் பெட்டியை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிடலாகாது.

இப்போது நம் கேள்விக்கு வருகிறோம். ஆய்வுக் கூடத்தில் அந்த நாற்காலியில் அமர்த்தப்படுபவர் யார்? 2010இல் என்ரிச், ஐனே, நோரன்சயன் என்னும் மூவர், உளவியல் ஆய்வுகளில் கலந்துகொள்பவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக் கல்விபெற்ற, செல்வமுள்ள சமூகத்தவரே என்றும், அவர்களை வைத்து மனித இனம் முழுமைக்கும் முடிவு கூறுவது தவறு என்றும் எடுத்துக்காட்டினார்கள். கண்ணசைவு ஆய்வில் மற்றொரு வடிகட்டலும் இருக்கிறது. கண்ணிமை தாழ்ந்தவர், தடித்த கண்ணாடி அணிந்தவர், கண்புரை உள்ளவர் ஆகியோரின் கண்ணைக் கருவியால் பலவேளை பிடிக்க முடிவதில்லை. பிடிக்க முடியாதவர்களின் பதிவு கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. வெயிலில் உழைத்துக் கண் மங்கிய முதியவர்கள் அவ்வாறே நீங்கிவிடுகிறார்கள். நீக்கப்பட்டவருக்குப் பொருந்தாத திரை ஒன்று உருவாகி, கடைக்கு வந்து, கடைசியில் அவர் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. அதன்முன் அமர்ந்து, ‘எனக்கு வராது’ என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார்.

அண்மையில் நம் தெருவிலுள்ள மூதாட்டி ஒருவருடன் ஒரு மாலைப்பொழுது அமர்ந்தோம். நம்மிடம் கருவி ஏதும் இல்லை. திரையின் பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, அவர் கண் இடப்பக்கம் போகிறதா, நடுவில் நிற்கிறதா, கையை நோக்கித் தாழ்கிறதா என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்தோம். செய்தி போடுங்கள் என்றோம், உதவி செய்யவில்லை. இடப்பக்கப் பொத்தானை அழுத்தினார். திரையின் இட ஓரத்திலிருந்து ஒரு பட்டியல் நீண்டு வந்தது. அவர் கண்ணோ நடுவிலேயே நின்றது. அந்தப் பட்டியலை அவர் பார்க்கவே இல்லை. மீண்டும் அழுத்தினார், வேறெங்கோ போய்விட்டது. “என் கைதான் சரியில்ல சாமி” என்றார். நோட்டைக் காட்டி, “கை சரியாகத்தான் இருக்கிறது ஆயா. நீங்கள் நடுவில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஓரத்தில் கதவைத் திறந்திருக்கிறான்” என்றோம். சற்று நேரம் திரையையே பார்த்தார். “அப்ப ஓரத்துல பாக்கணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டார். அன்று மாலை அவரே செய்தியைப் போட்டுக் கேட்டார். அவர் கேட்ட கேள்வியைத் திரை அமைப்பவர்கள் ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டும்.

மாணவ நண்பர்களே! இதிலிருந்து உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, இம்முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி வாங்கப் பணம் வேண்டும். நோட்டும் பொறுமையும் இருந்தால் தொடங்கலாம். ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, குறுக்கே பேசாமல், கையைப் பிடித்து இழுக்காமல், அவர் கண்ணும் கையும் எங்கே தடுமாறுகின்றன என்று எழுதுங்கள். தொலைக்காட்சி மட்டுமன்று, பணம் எடுக்கும் இயந்திரம், உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவமனை அறிவிப்புப் பலகை எதுவாயினும் இம்முறை பொருந்தும். ஐந்து பேரைப் பார்த்தாலே பெருங்குறைகள் பல வெளிப்பட்டுவிடும் என்பது இத்துறையில் யாக்கோபு நீல்சன் போன்றோர் வற்புறுத்திய அனுபவம்.

இரண்டாவது, இசைவு பெறாமல் எவருடைய கண்ணையும் பதியாதீர்கள். ஒருவர் எதைப் பார்த்தார் என்பது அவருடைய மனத்தின் ஒரு பகுதி. நம் மக்கள் நெடுங்காலம் பிறரால் உற்றுப் பார்க்கப்பட்டவர்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே நடக்கிறார்கள் என்று கண்காணிக்கப்பட்டவர்கள். ஆய்வின் பெயரால் அதே செயலை நாம் செய்துவிடக் கூடாது. ‘இது உங்களுக்கு வைக்கும் தேர்வன்று, இந்தப் பெட்டிக்கு வைக்கும் தேர்வு’ என்று முதலிலேயே சொல்லுங்கள். நடுவில் எழுந்து போக விரும்பினால் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

மூன்றாவது, இத்துறைக்குள் செல்லுங்கள். உளவியல், ஒளியியல், கணினியியல், வடிவமைப்பு ஆகிய நான்கும் சந்திக்கும் துறை இது. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணாதீர்கள். நம் பாட்டியை அந்த நாற்காலியில் அமர்த்த வேண்டும் என்று சொல்ல, அந்தக் கூடத்துக்குள் நம் பெண் ஒருத்தி இருக்க வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். விலையே பெயராயிற்று. யார் கையில் இது சேர வேண்டும் என்று எண்ணிய பிறகே அந்த ஏடு அச்சேறியது என்பதற்கு அப்பெயரே சான்று. திரையமைப்பவருக்கும் அதே எண்ணம்தான் வேண்டும்.

வள்ளுவர் ‘கண்ணோட்டம்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே அச்சொல்லுக்குப் பொருள் பிறர்மேல் செல்லும் இரக்கம். கண் ஓடும் வழியைப் பதியும் இத்துறையில் அந்தப் பழைய பொருளும் சேர வேண்டும் என்பது நம் ஆசை. இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், மாணவர்களே, ரிமோட்டைப் பாட்டியின் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். அவர் கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ‘எனக்கு வராது’ என்று அவர் சொல்லும் இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்புகளைத் திரட்டி வைப்பது இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணிகளுள் ஒன்றாகட்டும்.